மாட்டுக்கு ஒரு நியாயம், மனிதனுக்கு ஒரு நியாயமா?



பயிருக்கு வரும் நோயைப் பற்றி இந்த நிகழ்ச்சியில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். குலைநோய்க்கு என்ன மருந்து, இலைச்சுருட்டுப் புழுவுக்கு எப்போது தெளிப்பது என்றெல்லாம் பேசுகிறோம். இன்றைக்கு அந்தப் பயிரை வைக்கிற ஆளுக்கு வரும் நோயைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். அதிலும் குறிப்பாக ஆண்களைப் பற்றி. ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். நம்ம ஆம்பளைங்க ஏன் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்கிறார்கள்?

என் பெரியப்பா கதையைச் சொன்னால் விஷயம் விளங்கும். ஒரு கார்த்திகை மாதம். வரப்பு வெட்டும்போது மண்வெட்டி நழுவிக் கால் சுண்டு விரலில் பட்டுவிட்டது. பெரிய காயம் இல்லை. சுண்ணாம்பையும் மஞ்சளையும் குழைத்து வைத்துக் கட்டிக்கொண்டு அன்றைக்கே மறுபடி சேற்றில் இறங்கிவிட்டார். அதே வாரம் அவருடைய கறவை மாட்டுக்கு மடி வீங்கிப் பால் திரிந்து வந்தது. இராத்திரி என்றும் பாராமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐந்து மைல் போய்க் கால்நடை மருத்துவரைக் கையோடு அழைத்து வந்தார். ஊசி போட்டார்கள். மூன்றே நாளில் மாடு தேறிவிட்டது. பெரியப்பாவின் விரல் தேறவில்லை. பெரியம்மா கேட்கும்போதெல்லாம், "வலியே இல்ல, ஆறிடுச்சு" என்பார். பத்துப் பதினைந்து நாள் கழித்துப் பாதம் கறுத்து, நாற்றம் எடுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

பிற்பாடு திண்ணையில் உட்கார்ந்து அவர் ஒரு நாள் சொன்னார்: "மாடு வாயில்லா ஜீவன், அதனால நான்தான் பாக்கணும்னு ஓடினேன். எனக்கு வாய் இருந்தும் சொல்லலியே."

அவர் ஒருவர் கதை மட்டுமல்ல இது. உங்கள் ஊரில் இப்படி நாலு பேரையாவது உங்களுக்குத் தெரியும். ஏன் இப்படி நடக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வலி இல்லை, அதனால் நோய் இல்லை

முதல் காரணம் இது. உழைக்கிறவனுக்கு வலிதான் கணக்கு. வலித்தால் நோய், வலிக்காவிட்டால் நோய் இல்லை. ஆனால் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் வலித்துக்கொண்டு வருவதில்லை. நெல்லில் புகையான் வருவதைப் பாருங்கள். மேலே பயிர் பச்சையாகத்தான் இருக்கும். தூரை விலக்கிப் பார்த்தால்தான் பூச்சி அப்பியிருப்பது தெரியும். வட்ட வட்டமாகக் காய்ந்த பிறகு பார்த்தால் காலம் கடந்திருக்கும்.

சர்க்கரை பல ஆண்டுகள் இரத்தத்தில் கூடுதலாக இருந்தால் கால் நரம்புகள் மரத்துப் போகும். முள் குத்தினாலும் தெரியாது, கண்ணாடிச் சில்லு கிழித்தாலும் தெரியாது. அதே சர்க்கரை காலுக்குப் போகும் இரத்த ஓட்டத்தையும் குறைப்பதால் புண் ஆறாது. ஆகவே பெரியப்பா "வலியே இல்ல" என்றது நல்ல சேதி இல்லை. காயம் பட்ட இடத்தில் வலிக்கவில்லை என்பதுதான் அங்கே நோயின் அடையாளம். வெறுங்காலோடு வயலில் இறங்குகிற நமக்கு இது நன்றாக நினைவிருக்க வேண்டும்.

இரத்தக் கொதிப்பும் அப்படியே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு ஒன்று 2023இல் வெளியானது. நாடு முழுவதும் கிராமம், நகரம் என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்ததில், வயது வந்தவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் இரத்தக் கொதிப்பு இருந்தது. 11 பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருந்தது. பட்டணத்துக்காரனுக்குத்தான் இதெல்லாம் வரும், உழைக்கிறவனுக்கு வராது என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது.

"இப்ப வேலை இருக்கு, அப்புறம் பாக்கலாம்"

இரண்டாவது காரணம் வேலை. இதைக் குறை சொல்ல முடியாது. நடவு நேரத்தில் ஆள் கிடைப்பதே கஷ்டம். மும்முனை மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போதுதான் மோட்டார் ஓட்ட முடியும். அறுவடை மிஷின் வரும் நாளில் வயலை விட்டு நகர முடியாது. கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தால் ஒரு நாள் கூலி போச்சு. ஆகவே நடவு முடியட்டும், களை முடியட்டும், அறுப்பு முடியட்டும், பொங்கல் கழியட்டும் என்று தள்ளிப் போடுகிறோம். விவசாயத்தில் வேலை முடிகிற நாள் என்று ஒன்று எங்கே இருக்கிறது?

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆரம்பத்திலேயே பார்த்தால் அரை நாள் போகும். முற்றிய பிறகு போனால் ஒரு பட்டமே போகும், சில நேரம் ஆளே போய்விடும். மடை அடைத்துக்கொண்ட அன்றைக்கே மண்வெட்டி எடுத்துப் போகிறவர்கள்தானே நாம்? பயிர் காயட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை.

"ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் வெள்ளாமையை யார் பார்ப்பது?" என்ற கவலையும் உண்டு. பல நோய்களுக்குப் படுக்கவே வேண்டாம். காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் மலையடிவாரத்துச் சானடோரியத்தில் மாதக் கணக்கில் வைத்துத்தான் வைத்தியம் செய்தார்கள். 1956இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சமமாகக் குணமானார்கள் என்று 1959இல் உலகத்துக்கே எடுத்துக் காட்டியது. இன்றைக்குச் சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை. அரசு இலவசமாகவே கொடுக்கிறது. ஊட்டச்சத்துக்கு என்று 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தார்கள். 2024 நவம்பரிலிருந்து அதை 1000 ரூபாயாக உயர்த்தினார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அது பொம்பளைங்க போகிற இடம்

மூன்றாவது காரணத்தை நாம் அதிகமாக யோசிப்பதில்லை. கிராமத்துப் பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் பழகின இடம். கர்ப்பமானால் செவிலியர் வீடு தேடி வந்து பதிவு செய்கிறார். பிறகு ஊசி, எடை, பிரசவம், பிள்ளைக்குத் தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு என்று பல தடவை போய் வருகிறார்கள். எந்த அறையில் யார் இருப்பார் என்பது அவர்களுக்குத் தெரியும். செவிலியரைப் பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள். ஆணுக்கு அப்படி ஒரு பழக்கமே ஏற்படுவதில்லை. பள்ளிக்கூடத்தில் போட்ட ஊசியோடு சரி. பிறகு நாற்பது ஐம்பது வயதில் விழுந்தால்தான் அந்த வாசலை மிதிக்கிறார். முன்பின் தெரியாத இடத்துக்குப் போய், எங்கே சீட்டு வாங்குவது, யாரைக் கேட்பது என்று நிற்க அவருக்குக் கூச்சமாக இருக்கிறது. அதை வெளியே சொல்ல மாட்டார். "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று முடித்துவிடுவார்.

பெண்களும் தங்கள் உடம்பை நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. பிள்ளைக்காகத்தான் போகிறார்கள். தனக்கென்று வந்தால் அவர்களும் கடைசியில்தான் போவார்கள். ஆனால் அவர்களுக்கு வழியாவது தெரிந்திருக்கிறது.

வெட்கம்

நான்காவது காரணம் வெட்கம். மூட்டை தூக்கித் தூக்கிக் குடல் இறங்கியிருக்கும். விரைவீக்கம் இருக்கும். மூலத்தில் இரத்தம் போகும். இராத்திரி நாலு தடவை எழுந்து சிறுநீர் கழிக்கப் போவார், வந்தால் சொட்டுச் சொட்டாக வரும். தாம்பத்தியத்தில் குறை இருக்கும். இதையெல்லாம் யாரிடம் சொல்வது? அங்கே போனால் டாக்டரம்மா சின்ன வயசுப் பெண்ணாக இருப்பார். "அவங்ககிட்ட எப்படிங்க வேட்டிய அவுத்துக் காட்டுறது?" என்று கோவணத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு பத்து வருஷம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னும் சிலர் சந்தையில் மரத்தடியில் லேகியம் விற்கிறவனிடம் காசைக் கொடுத்து ஏமாறுகிறார்கள்.

குடலிறக்கத்துக்கு மருந்து மாத்திரை கிடையாது, அறுவை சிகிச்சைதான். நல்ல நிலையில் இருக்கும்போதே செய்துகொண்டால் சின்ன விஷயம். இறங்கிய குடல் உள்ளே போகாமல் சிக்கி, வலியும் வாந்தியும் வந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. மணிக் கணக்கில் குடல் அழுகிவிடும். டாக்டருக்கு உங்கள் உடம்பு புதிதல்ல. தினமும் பார்க்கிற வேலை. ஆண் மருத்துவர்தான் வேண்டும் என்று கேட்டாலும் தவறில்லை, அரசு மருத்துவமனையில் வெளிநோயாளிப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு போகாமல் மட்டும் இருக்காதீர்கள்.

பயமும் வீம்பும்

ஐந்தாவது, பயம். "போனா ஏதாவது சொல்லிருவாங்க" என்பார்கள். பார்க்காமல் விட்டால் நோய் இல்லாமல் போய்விடுமா? குடியைப் பற்றியும் பீடியைப் பற்றியும் திட்டுவார்களே என்ற பயம் வேறு. செலவைப் பற்றிய பயம் இன்னும் பெரியது. நிலத்தை அடகு வைக்க வேண்டி வருமோ என்று நினைத்து, நோயை மறைத்துக்கொண்டு குடும்பத்தைக் காப்பாற்றுவதாக எண்ணுகிறவர்கள் உண்டு. அந்த நல்ல மனதை நான் மதிக்கிறேன். ஆனால் சம்பாதிக்கிற ஆள் படுத்துவிட்டால் நிலத்தை அடகு வைப்பதோடு நிற்காது.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிந்துகொள்ளலாம். நோய் வருமுன்பே அட்டையை வாங்கி வையுங்கள். பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் பார்த்து ஓடுகிறோமே, அதைவிட இது முக்கியம்.

கடைசியாக வீம்பு. சின்னப் பையன் விழுந்து அழுதால் என்ன சொல்கிறோம்? "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்கிறோம். அங்கே ஆரம்பிக்கிறது. தாங்கிக்கொள்வதுதான் ஆண்மை என்று அவன் மனதில் ஊறிவிடுகிறது. ஐம்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போதும், "வாய்வுதான், ஒரு சோடா குடிச்சா சரியாயிரும்" என்கிறான். வாய் திறந்து சொல்ல வெட்கப்படுவதற்குப் பெயர் வீரம் இல்லை.

2014 முதல் 2018 வரையிலான அரசு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, நம் நாட்டில் ஆணின் சராசரி ஆயுள் 68.2 ஆண்டு, பெண்ணுக்கு 70.7 ஆண்டு. இந்த இரண்டரை ஆண்டு வித்தியாசத்துக்குப் புகையிலை, குடி, விபத்து என்று பல காரணம் உண்டு. காலம் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போவதும் அதில் ஒன்று.

நாள் பார்க்கக் கூடாத நோய்கள்

இனி, எதற்கெல்லாம் "அப்புறம்" என்று சொல்லக் கூடாது என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நெஞ்சு வலி: நெஞ்சில் பாரம் வைத்தது போல அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ ஓடுகிற வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டல் இருந்தால் அது வாய்வா இல்லையா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இதயத்துக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால், வாய்க்கால் அடைத்த கடைமடைப் பயிர் போல இதயத் தசை நிமிஷத்துக்கு நிமிஷம் செத்துக்கொண்டிருக்கும். உடனே 108க்குப் போன் செய்யுங்கள். 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், இதற்கான முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள்.

பக்கவாதம்: முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால் அந்த நிமிஷமே புறப்பட வேண்டும். அடைப்பைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். புறா இரத்தம் தேடி அலைகிற நேரத்தில் அந்த மணி நேரம் தீர்ந்துவிடும்.

பாம்புக் கடி: இராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கட்டு விரியன் கடித்தால் வலியும் தெரியாது, பல் பட்ட அடையாளமும் சரியாகத் தெரியாது. கண் இமை தானாகச் சொருகினால், தொண்டை அடைத்தால் சந்தேகப்படுங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நேரே போங்கள்.

பூச்சி மருந்து: தெளித்துவிட்டு வந்தபின் தலை சுற்றல், வாந்தி, எச்சில் ஒழுகல், பார்வை மங்கல் இருந்தால், படுத்தால் சரியாகும் என்று விடக் கூடாது. துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டருக்கு முறிவு கொடுக்கச் சுலபம்.

எலிக்காய்ச்சல்: எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் வெடிப்புள்ள காலோடு நின்றால் வரும். கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. விட்டால் ஈரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். "நான் சேற்றில் வேலை செய்கிறவன்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

வாய்ப்புண்: புகையிலை, பான்பராக் போடுகிறவர்களுக்கு இரண்டு மூன்று வாரமாக ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் தடிப்பு, வாய் முழுதாகத் திறக்க முடியாமை இருந்தால் உடனே காட்ட வேண்டும். நம் நாட்டு ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்தான் முன்னால் நிற்கிறது. ஆரம்பத்தில் பிடித்தால் குணப்படுத்தலாம்.

என்ன செய்யலாம்?

முப்பது வயது தாண்டிய ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு தடவை இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கொதிப்பு 140க்கு 90 என்ற அளவைத் தொட்டாலோ, வெறும் வயிற்றில் சர்க்கரை 126 இருந்தாலோ மறுபடி பார்த்து உறுதி செய்து மருந்து எடுக்க வேண்டும். 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இந்த இரண்டுக்குமான மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அவர்கள் வரும்போது கொல்லைப்புறமாக வயலுக்கு நழுவிவிடாதீர்கள். மாத்திரை ஆரம்பித்த பிறகு, "நல்லாத்தானே இருக்கேன்" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரையால்தான் நன்றாக இருக்கிறீர்கள்.

நாள் மறந்துபோகும் என்றால் ஒரு வழி சொல்கிறேன். மாட்டுக்குக் கோமாரித் தடுப்பூசி போட ஊருக்கு ஆட்கள் வருகிறார்கள் அல்லவா? ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடுகிற ஊசி அது. மாட்டை ஊசிக்குப் பிடித்துப் போகிற அந்த வாரத்திலேயே நீங்களும் போய்க் கையை நீட்டுங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் டீக்கடைக்கு வருகிற நாலு பேராகச் சேர்ந்து போங்கள். ஒருவர் போனால் நாலு பேர் போவார்கள்.

வீட்டிலிருக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. "ஆஸ்பத்திரிக்குப் போங்க, போங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அவருக்கு வீம்புதான் ஏறும். "எனக்குப் பிரஷர் பாக்கணும், துணைக்கு வாங்க" என்று கூப்பிட்டுப் பாருங்கள், வருவார். வந்த இடத்தில் இரண்டு பேருக்கும் பார்த்துவிடலாம். ராத்திரி அவர் கால் கழுவி வந்ததும் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் ஒரு தடவை பாருங்கள். என் பெரியம்மா இன்றைக்கும் அதைத்தான் சொல்லி வருத்தப்படுகிறார்: "ஒரு நாள் நான் குனிஞ்சு பாத்திருந்தா போதுமே" என்று.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். உழவர்களாகிய உங்களுக்கு உடம்புதான் முதல் நிலம். அதற்கும் வருஷத்துக்கு ஒரு தடவை மண் பரிசோதனை செய்வது போலப் பரிசோதனை செய்யுங்கள். இந்த வாரம் உங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தின் வாசலை ஒரு தடவை மிதித்துவிட்டு வாருங்கள். ஒன்றும் இல்லை என்று சொன்னால் நிம்மதி. ஏதாவது இருக்கிறது என்று சொன்னால், காலத்தில் தெரிந்ததே என்று அதுவும் ஒரு நிம்மதிதான்.